குற்ற நீதி இளங்கலை: துப்பறிய வந்தவனுக்குப் புள்ளியியல் கிடைத்த கதை

முதலாண்டு | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். குற்ற நீதி இளங்கலையில் சேர்ந்து பத்து வாரம் ஆகிறது. சேரும்போது மனதில் இருந்தது கைரேகை, விசாரணை அறை, ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வி. இதுவரை கிடைத்தது ஆறு சமூகவியல் கோட்பாடுகள், நீதிமன்றப் படிநிலையின் படம் ஒன்று, அப்புறம் 'ஆய்வு முறைகள்' என்று ஒரு தாள். போன வியாழக்கிழமை கை-வர்க்கச் சோதனை (chi-square) என்று ஒரு புள்ளியியல் கணக்கைப் பாடமாக நடத்தினார்கள். கணக்குக்குப் பயந்துதான் இந்தப் பக்கமே வந்தேன். எனக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "போலீஸ் வேலைக்குத்தானே போகப்போகிறாய், அதற்கு எதற்கு இத்தனை வருஷம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் வேலைக்குத்தான் போவேனா என்பதே தெரியவில்லை.

சட்டத்துக்கோ உளவியலுக்கோ மாறிவிடலாமா? மாறுவதற்கு இன்னும் மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. இதைப் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், படித்துவிட்டு நொந்தவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற லத்தி | திங்கள், காலை 6.05

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. காவல்துறையில் 29 வருஷம் இருந்தேன். பட்டத்தோடு வந்தவனும் பள்ளிப் படிப்போடு வந்தவனும் பயிற்சிப் பள்ளியில் ஒரே மைதானத்தில்தான் ஓடினார்கள், ஒரே சட்டப் பிரிவுகளைத்தான் மனப்பாடம் செய்தார்கள். குடித்துவிட்டுக் கத்தியோடு நிற்கிறவனிடம் எந்தக் கோட்பாடும் எடுபடாது. தொழிலைத் தெருதான் கற்றுக்கொடுக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். படித்துவிட்டு வந்த பையன்கள் எழுதிய அறிக்கை நீதிமன்றத்தில் நின்றது. எங்கள் ஆட்கள் எழுதியதை எதிர்த்தரப்பு வக்கீல் பத்தே நிமிஷத்தில் கிழித்துப் போடுவார்.

நுண்ணோக்கி | திங்கள், காலை 8.40

கைரேகை என்ற சொல்லைப் பார்த்து உள்ளே வந்தேன். தம்பி, தடயவியல் ஆய்வகம்தான் கனவு என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள். வேதியியல், உயிரியல், மரபியல், இதில் ஏதாவது ஒன்று. குற்ற நீதிப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். நேர்காணல் வரைகூட வரமாட்டார்கள். சேரும்போதே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மரபணு ஒப்பீட்டை ஒரு கொலை விசாரணையில் முதன்முதலாகப் பயன்படுத்தியது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷரில். 1983-லும் 1986-லும் அங்கே இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டிருந்தான். மாதிரியை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது, அந்த ஆள் இவன் இல்லை. உண்மையான குற்றவாளிக்கு 1988-ல்தான் தண்டனை கிடைத்தது. ஆக, குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தொழில்நுட்பம் ஒரு நிரபராதியை விடுவித்துவிட்டது.

செய்யாத கொலையை ஒரு பையன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? என் கருவிகளுக்கு அது தெரியாது. உங்கள் பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. எதைத் தேடி வந்தீர்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

சராசரி மனிதன் | திங்கள், மதியம் 1.15

புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பெயரைப் பார்த்தாலே தெரியும். முதலாண்டு, உங்கள் புலம்பலுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன்.

1939. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தடம் மாறிவிடக்கூடும் என்று தோன்றிய பையன்களையும் அப்படித் தோன்றாத பையன்களையும் சேர்த்து எடுத்தார்கள். வயது, குடும்பம், சுபாவம் எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டினார்கள். ஒருவனுக்கு எல்லாம் கிடைத்தது: வீட்டுக்கு வந்து பேசும் ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம். சராசரியாக ஐந்து வருஷம். மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. கடைசிவரை கணக்கில் இருந்தவர்கள் 506 பேர்.

ஏறக்குறைய 30 வருஷம் கழித்து ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப் போனார். எல்லோருக்கும் நரை தட்ட ஆரம்பித்திருந்தது. உதவி பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்களை நன்றியோடு நினைத்துப் பார்த்தார்கள், அது தங்களுக்கு உதவியது என்றே சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பாராட்டு விழாவே நடத்தியிருக்கலாம். மெக்கார்டு ஜோடியின் மறுபக்கத்தையும் பார்த்தார். இரண்டாவது முறை குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், சீக்கிரம் இறந்துபோனவர்கள், இவை எல்லாவற்றிலும் உதவி பெற்ற பக்கம்தான் மோசமாக இருந்தது. 1978-ல் முடிவுகளை வெளியிட்டார். ஏன் அப்படி ஆனது என்று இன்றும் பேசுகிறார்கள். முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. தடம் மாறக்கூடியவர்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்ததால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்களோ என்னவோ.

சுண்டிய நாணயம் மறுபக்கம் விழுந்ததால் ஒன்றும் கிடைக்காமல் போன அந்த இன்னொரு பையன் இருக்கிறானே, அவன் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. போன வியாழக்கிழமை நீங்கள் படித்த கை-வர்க்கச் சோதனை அவனுக்காகத்தான் இருக்கிறது: இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தெரியும் வித்தியாசம் தற்செயலா, இல்லையா?

பத்தாம் வகுப்புக் கணக்கு வந்தால் இந்தத் தாள் வரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு அட்டவணை கொடுத்தால் "எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

காவல்துறைக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-லிருந்து 73 வரை ஒரு வருஷம் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்தே கிடையாது, அழைத்தால் மட்டும் வண்டி வரும். ஐந்தில் எப்போதும் போல. மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. குற்ற அளவிலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற லத்தி | திங்கள், மதியம் 2.02

அப்படியென்றால் 29 வருஷம் நான் பெட்ரோலை வீணடித்தேனா? ரோந்து வண்டி தெருவில் திரும்பினால் திண்ணையில் நிற்கிற கூட்டம் கலைவதைக் கண்ணால் பார்த்தவன் நான். பேனா பிடித்தவர்கள் அறைக்குள் உட்கார்ந்து சொல்வதை நம்பச் சொல்கிறீர்கள்.

சராசரி மனிதன் | திங்கள், மதியம் 2.30

கோபம் வேண்டாம் ஐயா. அந்தச் சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. 15 பகுதி என்பது சின்ன எண்ணிக்கை. ரோந்து இல்லாத பகுதிக்குள்ளும் அழைப்புக்காக வண்டிகள் போய்வந்தன, அதனால் ரோந்து நின்றது மக்களுக்கே தெரிந்திருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. கூட்டம் கலைந்ததாக நீங்கள் பார்த்ததும் உண்மைதான். கலைந்து எங்கே போனது என்பது அடுத்த கேள்வி.

உங்கள் பக்கம் நிற்கும் முடிவும் இருக்கிறது. 1989-ல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவின் மினியாபொலிஸில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்குச் சுமார் மூன்று முகவரிகளிலிருந்து பாதி அழைப்புகள் வந்திருந்தன. ஊர் முழுக்கச் சுற்றாமல் அந்த மூன்றில் நின்றால் பலன் உண்டு என்று பின்னால் வந்த சோதனைகள் பலவும் காட்டின.

ஓய்வுபெற்ற லத்தி | திங்கள், மதியம் 2.41

அந்த மூன்று முகவரி எது என்று எந்தப் படிப்பும் இல்லாமலே சொல்வேன்.

சராசரி மனிதன் | திங்கள், மதியம் 2.44

சொல்வீர்கள். நீங்கள் ஓய்வுபெற்ற மறுநாள் அது யாருக்குத் தெரியும்?

கோப்புக்கட்டு | திங்கள், இரவு 9.10

இரண்டு பேரும் சண்டை போட்டதில் கேள்வி கேட்டவரை விட்டுவிட்டோம். :)

தம்பி, நான் நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர். சிறைக்குப் பதிலாக நிபந்தனையோடு வெளியில் விடப்பட்டவர்கள் என்னிடம் வருவார்கள். இதே பட்டம்தான் படித்தேன். முதல் வருஷம் நானும் மாறிவிடலாம் என்று விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தேன்.

கடைசி வருஷம் களப்பயிற்சி. தண்டனைக்கு முன் நீதிபதிக்குத் தரும் பின்னணி அறிக்கையின் வரைவை எழுதச் சொன்னார்கள். நடுத்தர வயது ஆள், திருட்டு வழக்கு. ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து எழுதினேன்: "செய்ததற்கு எந்த வருத்தமும் காட்டவில்லை." மேலதிகாரி அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார் என்றேன். "அப்படியானால் அதை மட்டும் எழுது. வருத்தம் இருக்கிறதா இல்லையா என்பது நீ பார்த்தது இல்லை, நீ முடிவு செய்தது." மறுபடி போய்ப் பேசினேன். அந்த ஆளுக்கு இடது காது கேட்காது. வலது காதை என் பக்கம் திருப்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஒரு வரியை நீதிபதி படித்திருந்தால் அவருக்கு எத்தனை மாதம் கூடியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். ஆய்வு முறைத் தாளில் 'கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுது' என்று வரும். அதுதான் இது. தேர்வுக்காகப் படித்தபோது எனக்கும் அது வெறும் இரண்டு மதிப்பெண்தான்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். என் வகுப்பில் காவல்துறைக்குப் போனவர்கள் பாதிகூட இல்லை. ஒருத்தி நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவில் இருக்கிறாள். இருவர் வங்கியில் மோசடிக் கண்காணிப்பில். ஒருவன் குற்றத் தரவுகளைப் பகுத்துச் சொல்லும் வேலை பார்க்கிறான். கணக்கு என்றால் ஓடியவன்தான் அவனும். சிறார் இல்லம், சிறை மறுவாழ்வு, எல்லைச் சோதனை என்று மற்றவர்கள். இதில் எதற்கும் பட்டம் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வோ பயிற்சியோ உண்டு. பின்னணிச் சோதனையும் உண்டு, வழக்கில் மாட்டிக்கொண்டாலோ இணையத்தில் கண்டபடி எழுதிவைத்தாலோ அங்கே வந்து நிற்கும். இப்போதிருந்தே கவனம்.

மூன்றாம் வரிசை | திங்கள், இரவு 11.55

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் இதே படிப்புதான், இரண்டாம் ஆண்டு.

ஒரு வகுப்பில் திரையில் ஒரு படம் போட்டார்கள். பதிவான குற்றங்கள் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி பெரிய கறுப்பு வட்டம். புகாராக வராமலே போனவை, 'இருண்ட எண்ணிக்கை' என்பார்கள். காவல் நிலையத்துக்குப் போகாமல் வீடு வீடாகப் போய் "உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" என்று கேட்கும் ஆய்வுகள் வந்தபிறகுதான் அந்தக் கறுப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்ததாம். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்து அப்படிக் கேட்டுவருகிறார்கள். அங்கே வன்முறைக் குற்றங்களில் பாதிகூடக் காவல்துறைக்குப் போவதில்லை.

ஆசிரியர் கறுப்பு வட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். நான் அதற்குள் இருக்கிறேன் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

படிப்பை விடவில்லை. யாருக்காவது உபயோகப்படும் என்று சொல்கிறேன்: பாடத்திட்டம் கையில் கிடைத்ததும் எந்த வாரம் எது வருகிறது என்று பார்த்துவிடுவேன். கஷ்டமான வாரங்களுக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே, காரணம் சொல்லாமல், "நடுவில் எழுந்து போக நேரலாம்" என்று மட்டும் சொல்லிவைப்பேன். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. கதவுக்குப் பக்கத்தில், மூன்றாம் வரிசையில் உட்காருவேன்.

கோப்புக்கட்டு | செவ்வாய், காலை 7.30

எழுதியதற்கு நன்றி, தங்கச்சி. இந்த வகுப்புகளில் எப்போதும் உங்களைப் போல ஓரிருவர் இருப்பார்கள். குற்றவாளியின் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆசிரியர்கள் சிலர் அதை மறந்துவிட்டு வேடிக்கைக் கதை போலப் பேசுவார்கள், எனக்குப் பிடிக்காத விஷயம் அது.

இரவுப்பள்ளி | செவ்வாய், இரவு 10.25

பகலில் வேலை, இரவில் படிப்பு, இரண்டு பிள்ளைகள். நேரமே இல்லாதவள் சொல்கிறேன் என்பதால் நம்பலாம்.

அந்தக் கோட்பாடுகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் நிற்காது. நான் ஒரு சைக்கிள் திருட்டை வைத்துக்கொண்டு, அவற்றைச் சொன்னவர்களை எல்லாம் அதன்மேல் ஏற்றிவிடுவேன். பெக்காரியா (1764-ல் எழுதும்போது வயது 26, முதலில் பெயர்கூடப் போடவில்லை) சொல்வது, மாட்டிக்கொள்வோம் என்று உறுதியாகத் தெரிந்தால் எடுத்திருக்க மாட்டான், தண்டனையின் கொடுமை அவ்வளவு முக்கியமில்லை என்று. மெர்ட்டன், 1938: எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு வழியை மட்டும் சிலருக்கு அடைத்தால் இப்படித்தான் ஆகும். ஹிர்ஷி கேள்வியையே திருப்பிப் போடுவார், மற்ற நாம் எல்லோரும் ஏன் எடுக்கவில்லை என்று. பெக்கர் வந்து, அவனுக்கு முதல்முறை 'திருடன்' என்று பட்டம் கட்டியது யார், அதற்கப்புறம் அவனுக்கு வேறு என்ன வேஷம் மிச்சம் இருந்தது என்பார். கோகன், ஃபெல்சன் இருவருக்கும் (1979) அவன் மனசே தேவையில்லை. எடுக்க ஒருவன், பூட்டாத சைக்கிள், பார்க்க ஆள் இல்லாத நேரம், மூன்றும் கூடினால் திருட்டு.

ஒரே சைக்கிள்! ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் தீர்வு வேறு. பூட்டு வாங்கு என்கிறது ஒன்று, வேலை கொடு என்கிறது இன்னொன்று, பையனைப் பிடித்து வழக்குப் போடாதே என்கிறது மற்றொன்று. ஒரு சட்டமன்ற விவாதத்தைக் கேட்டால் யார் எந்தக் கோட்பாட்டில் நின்று பேசுகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பேசுகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

சட்டத்துக்கு மாறுவது பற்றி: வாதாட ஆசை என்றால் போங்கள். 'இந்தச் சட்டப் பிரிவு இதைச் சொல்கிறது' என்பது அங்கே பாடம். 'இந்தப் பிரிவைப் போட்டதால் ஏதாவது மாறியதா?' என்பது இங்கே பாடம். இதை முடித்துவிட்டுச் சட்டத்துக்குப் போகிறவர்களும் நிறைய.

எனக்கு ஒரு குறையும் உண்டு. எங்கள் துறையில் ஒரு ஆசிரியர் வருஷா வருஷம் அதே தாள்களை வாசித்துவிட்டுப் போகிறார். படிப்பின் பாதி ருசி ஆசிரியரிடம் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 10.50

சைக்கிள் உத்தியைத் திருடிக்கொள்கிறேன். மூன்றும் கூடிவிட்டன.

ஓய்வுபெற்ற லத்தி | புதன், காலை 6.10

முதலாண்டு, மாறுவதா வேண்டாமா என்று இங்கே கேட்டுக்கொண்டிருக்காதே. ஒரு நாள் காலையில் போய் நீதிமன்றத்தில் உட்கார். பெரும்பாலும் பொதுமக்களை விடுவார்கள். குறிப்பு எடுக்கலாமா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள். கொலை வழக்கு நடக்கும் அறைக்குப் போகாதே. சின்ன வழக்குகள் வரும் அறைக்குப் போ. பிடித்தால் படி.

சராசரி மனிதன் | புதன், காலை 9.00

ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். கையில் கடிகாரமும் கோடு போட்ட தாளும் கொண்டுபோங்கள்.

முதலாண்டு | சனி, மாலை 5.45

போனேன். வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து மதிய இடைவேளை வரை.

தாளில் நான்கு நெடுவரிசை போட்டிருந்தேன்: வழக்கு எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன ஆனது. மொத்தம் 31 வழக்கு. அதில் 22-க்கு வாய்தா. சாட்சி வரவில்லை, வக்கீல் வரவில்லை, கோப்பு வரவில்லை. ஒரு வழக்கில் எல்லோரும் வந்திருந்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் தவறான அறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

நான் பார்த்ததில் மிகக் குறைந்த நேரம் 1 நிமிஷம் 40 விநாடி. வயதானவர் ஒருவர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நீதிபதி ஏதோ படித்தார், அரசு வக்கீல் தலையாட்டினார், எழுத்தர் ஒரு தேதியைச் சொன்னார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் நகரவில்லை. பக்கத்தில் நின்ற காவலரிடம் "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். காவலர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

பாடத்தில் ஹெர்பர்ட் பாக்கர் என்ற சட்ட அறிஞரின் இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்றில் நீதித்துறை தொழிற்சாலைப் பட்டை மாதிரி வேகமாக ஓடும், மற்றதில் தவறு நடக்காமலிருக்கக் கட்டத்துக்குக் கட்டம் தடை இருக்கும். நான் பார்த்தது எது என்று சொல்லத் தெரியவில்லை. தடையும் இருந்தது, பட்டையும் ஓடியது.

இப்போதைக்கு மாறவில்லை. கை-வர்க்கம் இன்னும் புரியவில்லை.

சராசரி மனிதன் | சனி, மாலை 6.20

அருமை. ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை போடுங்கள்: வக்கீல் உடன் இருந்தாரா, இல்லையா. இன்னும் மூன்று நாள் உட்கார்ந்து வாருங்கள். வக்கீல் இருந்தால் வாய்தா கூடுகிறதா குறைகிறதா என்று உங்கள் அட்டவணையை வைத்தே கை-வர்க்கம் சொல்லித்தருகிறேன். ஒரே அறை, ஒரே நீதிபதி என்பதால் அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, அது வேறு பாடம்.

ஓய்வுபெற்ற லத்தி | சனி, இரவு 7.05

அந்த மாதிரி எத்தனையோ பேரை முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு நாளும் கடிகாரம் பார்த்ததில்லை.

முதலாண்டு | சனி, இரவு 7.30

ஐயா, அடுத்த மாதம் ஆய்வு முறைத் தாளுக்கு ஒரு நேர்காணல் செய்ய வேண்டும். உங்களைக் கேட்கலாமா? பெயர் வராது.

ஓய்வுபெற்ற லத்தி | சனி, இரவு 7.34

கேள்விகளை முதலில் அனுப்பு. உன் அப்பா கேட்டதையும் அதில் சேர்த்துக்கொள்.